மூன்று நிமிடத்தில் 83 சுற்று

(பெல்ட்டில் ஓடும் பழைய ரெக்கார்டு பிளேயரைப் பழுது பார்த்த கதை)

- இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை



ஆண்டு மலருக்கு எழுதிக் கேட்டார்கள். எங்கள் வகுப்பில் கொடுத்தவர்கள் எல்லோரும் கவிதைதான் கொடுத்தார்கள். எனக்குக் கவிதை வராது. கை கறுப்பாகிற வேலைதான் வரும். ஆகவே போன கோடை விடுமுறையில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். பாதி கதை, பாதி பாடம். மின்னியல்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, இயந்திரவியல்காரர்களுக்கும் இருக்கிறது.

என் அப்பா ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் லைட்மேன். கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டுவது, கம்பம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். 1980களில் அதே கடையில் ரெக்கார்டு மாற்றிப் போடுகிற பொடியனாக இருந்தவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. பாலிடெக்னிக் படிக்கிறவனுக்குக் கரண்டில் ஓடுகிற எல்லாமே தெரியும் என்று. மிக்சி, தண்ணி மோட்டார், பக்கத்து வீட்டு டி.வி. எதுவானாலும் "எம் பையன் டிப்ளமோ படிக்கிறான், பாத்துக் குடுப்பான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். 'மின் இயந்திரங்கள்' பேப்பரில் எனக்கு அரியர் இருப்பது அவருக்குத் தெரியாது. (இந்த மலர் வீட்டுக்குப் போனதும் தெரிந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். பரவாயில்லை.)

அப்படி அவர் வாக்குக் கொடுத்த ஒரு வீடு, அடுத்த தெருவில் உள்ள பெரியவர் வீடு. ஊரில் எல்லோரும் அவரை 'சவூதி பாய்' என்பார்கள். 1976லிருந்து 1984 வரை தம்மாமில் வேலை பார்த்துத் திரும்பியவர். சர்க்கரை வியாதியில் இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. டி.வி. பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் இறக்கச் சொல்லியிருக்கிறார். இறக்கியவர் என் அப்பா.

பாய் என்னிடம் சொன்னது இது: "தம்பி, அங்க இருந்தப்ப அருமையாப் பாடுச்சு. இங்க கொண்டாந்த நாள்லேருந்து இதுக்கு சீக்குதான். ரெண்டு தடவ பெல்ட்டு மாத்திப் பாத்தாச்சு. மோட்டார் வீக்காயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. பரண்ல போட்டுட்டேன்."

நோய் என்ன என்பது இந்தப் பேச்சிலேயே இருந்தது. என் காதில்தான் விழவில்லை.

பெல்ட் எதற்கு?

அப்பா காலத்து மைக் செட் கடைகளில் இருந்த பல பிளேயர்களில் மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைத் தேய்க்கும், அந்தச் சக்கரம் சுழல்தட்டின் உள்விளிம்பைத் தேய்க்கும். இழுவை அதிகம், சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் மோட்டாரின் நடுக்கம் ரப்பர் வழியாகத் தட்டுக்கு ஏறி, ஊசி வழியாக ஸ்பீக்கரில் 'கடகட' என்று கேட்கும். கல்யாணப் பந்தலில் அது யாருக்கும் கேட்காது. வீட்டில் கேட்கும்.

பெல்ட் பிளேயரில் மோட்டார் ஒரு மூலையில் ரப்பர் மெத்தையில் தனியாகத் தொங்குகிறது. அதன் தலையில் சின்னப் பித்தளைப் புல்லி. அதிலிருந்து மெல்லிய தட்டை ரப்பர் பெல்ட் ஒன்று சுழல்தட்டின் அடியில் உள்ள பெரிய வளையத்துக்குப் போகிறது. நடுக்கத்தை ரப்பர் விழுங்கிக்கொள்ளும். கனமான தட்டு ஃபிளைவீல் மாதிரி வேகத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். புல்லியில் இரண்டு படிகள் இருக்கும். சின்னப் படி 33 1/3 வேகத்துக்கு, பெரிய படி 45 வேகத்துக்கு. 33 1/3 என்ற வேகத்தில் நீண்ட நேரம் பாடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி, 1948இல். அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. அந்தப் போட்டியின் விளைவுதான் புல்லியில் இருக்கிற இரண்டு படிகளும்.

பிரித்தபோது கண்டது

முதல் விதி: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. உள்ளே மோட்டாருக்கு 230 வோல்ட் நேராக வருகிறது. மோட்டாரோடு ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும், அதைத் தொடுமுன் டிஸ்சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கையின் ஊசியை மூடி, கையைக் கட்டிவிட வேண்டும். நான் முதல் நாள் அதைச் செய்யவில்லை. தட்டைத் தூக்கும்போது கை ஆடியது. ஊசி தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

ரப்பர் மேட்டை எடுத்துவிட்டுச் சுழல்தட்டை இரு கையாலும் நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். உள்ளே பெல்ட் என்று ஒன்று இல்லை. பரண் வெயிலில் வெந்து தார் மாதிரி உருகி, வளையத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைக் கத்தியால் சுரண்டக் கூடாது. ஐசோபிரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். எனக்கு ஒரு மத்தியானம் முழுவதும் போனது. வளையத்தில் ஒரு பொட்டுத் தார் மிச்சம் இருந்தாலும் பெல்ட் அந்த இடத்தில் ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு ஒரு தடவை குலுங்கும்.

அடுத்து நடுத்தண்டு. தட்டின் முழுக் கனமும் அந்தத் தண்டின் அடியில் உள்ள ஒரு சின்ன எஃகுக் குண்டின்மேல் நின்று சுழல்கிறது. யாரோ முன்பு தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது பிசினாகி, தட்டைக் கையால் சுற்றிவிட்டால் மூன்றே சுற்றில் நின்றது. நண்பர்களே, தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது. மெஷினுக்கு ஆகாது. நாளாக நாளாகக் கெட்டியாகும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். பழையதை முழுவதும் துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். தண்டைக் குழிக்குள் விட்டால் காற்று மெத்தை மாதிரி மெதுவாக இறங்கியது. தேய்மானம் இல்லை என்று அர்த்தம். எஃகுக் குண்டைத் தொலைத்துவிடாதீர்கள். துணியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

புது பெல்ட் இணையத்தில் வாங்கினேன், 550 ரூபாய். அம்மா மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தது. பெல்ட்டின் நீளம் அது ஓடும் பாதையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் சற்றே விரிந்து பிடிக்கும். ரொம்ப இறுக்கினால் மோட்டார் பேரிங்கைத் தின்றுவிடும். காய்கறிக் கடை ரப்பர் பேண்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று என் தம்பி யோசனை சொன்னான். அது வேண்டாம்.

போட்டேன். ஓடியது. ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வர எல்.பி. ஒன்றைப் பாய் எடுத்துக் கொடுத்தார். நாயனம் கேட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாதான் சொன்னார்: "வேகம் பத்தாதுடா. எழவு வீட்டு நாயனம் மாதிரி அழுவுது."

கோடு நின்றது, பாட்டு நிற்கவில்லை

எனக்குக் கொஞ்சம் கோபம். படித்தவன் நான், காதால் கேட்டுச் சொல்லுவது சரியா? அளந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

வேகம் அளக்க 'ஸ்ட்ரோப்' தட்டு என்று ஒன்று இருக்கிறது. வட்டக் காகிதத்தில் சுற்றிலும் கறுப்புக் கோடுகள். ஏ.சி. கரண்டில் எரியும் குண்டு பல்பு, சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை, பிரகாசம் கூடிக் குறைகிறது. ஒவ்வொரு கூடலுக்கும் ஒரு கோடு சரியாக அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்துவிட்டால், கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். வேகம் குறைந்தால் கோடுகள் பின்னோக்கி நகரும், கூடினால் முன்னோக்கி நகரும். (இப்போதைய எல்.இ.டி. பல்புகளில் பலவற்றில் இந்தத் துடிப்பு இருக்காது. பழைய குண்டு பல்போ, சோக் வைத்த டியூப் லைட்டோ, நியான் விளக்கோ வேண்டும்.)

இணையத்தில் ஒரு ஸ்ட்ரோப் தட்டை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, நடுவில் துளை போட்டு வைத்தேன். மேலே 40 வாட் குண்டு பல்பு. தட்டு சுழன்றது. கோடுகள் ஆணி அடித்த மாதிரி நின்றன!

"பாத்தியா, 33 கரெக்டா ஓடுது. இது மெஷின் சொல்றது. உனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்றேன்.

பாய் வீட்டுத் திண்ணையில், மூன்று நான்கு பேர் முன்னால் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பீடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீட்டுக்குப் போன பிறகு மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "நான் தட்டு மாத்திப் போட்டது பதினோரு வருஷம்டா."

ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினோரு வருஷம் கேட்ட காது தப்பாகச் சொல்லுமா என்று ஒரு பக்கம். கோடு பொய் சொல்லுமா என்று இன்னொரு பக்கம். அப்புறம்தான் ஒரு கணக்கு மனசில் பட்டது. நிமிடத்துக்கு 33 1/3 சுற்று என்றால் மூன்று நிமிடத்துக்கு எத்தனை? சரியாக 100. இதற்கு ஸ்ட்ரோப்பும் வேண்டாம், பல்பும் வேண்டாம். தட்டின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, செல்போனில் மூன்று நிமிடம் வைத்து எண்ணினால் போதும்.

மறுநாள் காலையில் எண்ணினேன். 83. கூட ஒரு கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோ.

மறுபடி எண்ணினேன். 83. ரெக்கார்டு வைத்து, ஊசி இறக்கி எண்ணினேன். 83. அதே தடிமனில் நீளம் சற்றுக் குறைந்த இன்னொரு பெல்ட்டை, மறுபடி அம்மாவின் பணத்தில்தான், வாங்கிப் போட்டு எண்ணினேன். 83.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பெல்ட் வழுக்கினால் எண்ணிக்கை ஒரு தடவை 95 வரும், ஒரு தடவை 92 வரும். சூடானால் மாறும், ஊசியை இறக்கினால் குறையும். புது பெல்ட் போட்டால் கூடும். இது எதற்கும் அசையவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு பிழை வருகிறது என்றால் அது ரப்பரிலோ எண்ணெயிலோ இல்லை. எங்கோ ஒரு எண் தப்பாக இருக்கிறது.

அரியர் வைத்த பாடம்

மோட்டாரின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்துப் பார்த்தேன். 4 துருவ சிங்க்ரனஸ் மோட்டார் என்று போட்டிருந்தது. நம் எல்லோருக்கும் தலைகீழாகத் தெரிந்த சூத்திரம்: வேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்கள். பரீட்சையில் இதை எழுதி, கோடு போட்டு, கட்டம் கட்டி, அதே பேப்பரில் ஃபெயிலானவன் நான்.

120 × 50 ÷ 4 = 1500. சிங்க்ரனஸ் மோட்டாருக்கு 'வீக்' என்பதே கிடையாது. ஓடினால் 1500இல் ஓடும், முடியாவிட்டால் நின்றுவிடும். 'மோட்டார் வீக்' என்று சொன்னவர் இதை யோசித்திருந்தால் அந்த மெஷின் பரண் ஏறியிருக்காது. நானும் யோசிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று நிமிடத்தில் 83 1/3 என்றால் நிமிடத்துக்கு 27.78. 1500ஐ 27.78ஆல் வகுத்தால் 54. அதாவது புல்லிக்கும் வளையத்துக்கும் உள்ள விகிதம் 54. தட்டு 33 1/3 ஓட மோட்டார் எவ்வளவு ஓட வேண்டும்? 54 × 33 1/3 = 1800. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டேன். 1800 × 4 ÷ 120 = 60.

60 ஹெர்ட்ஸ்.

நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாய் முதல் நாளே சொல்லியிருந்தார்: "இங்க கொண்டாந்த நாள்லேருந்து." சவூதி அரேபியாவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. பின்பக்கம் 110, 120, 220, 240 என்று வோல்டேஜ் சுவிட்ச் இருந்தது. ஊருக்கு வந்ததும் அதைச் சரியாக மாற்றியிருக்கிறார்கள். ஹெர்ட்ஸைப் பற்றி 40 வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நானும் இரண்டு பெல்ட்டுக்குப் பணத்தைக் கொட்டிய பிறகுதான் கேட்டேன்.

அப்படியென்றால் ஸ்ட்ரோப் கோடு ஏன் நின்றது? ஓடிப்போய் அந்தக் காகிதத்தை எடுத்துக் கோடுகளை எண்ணினேன். 216. விநாடிக்கு 100 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 6000. 6000 ÷ 33 1/3 = 180. நம் ஊருக்கு 180 கோடுதான் வேண்டும். 216 கோடு அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. 6000 ÷ 216 = 27.78. தப்பான மெஷினைத் தப்பான அளவுகோலால் அளந்திருக்கிறேன். இரண்டு தப்பும் ஒரே அளவு. அதனால் கோடு கச்சிதமாக நின்றது. சரியாகச் சொன்னது அப்பாவின் காது மட்டும்தான். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச் சுரம் இறங்கிவிடும். நாயனம் அழாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், "நீ சொன்னதுதாம்ப்பா சரி. வேகம் கம்மிதான்" என்றேன். "எவ்ளோ கம்மி?" என்றார். "நூத்துக்கு பதினேழு." "அப்ப அவ்ளோ இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

இதில் ஒரு ஆச்சரியம். அந்த பிளேயர் ஜப்பானில் செய்தது. ஜப்பானிலேயே கரண்ட் இரண்டு விதம். 1890களில் டோக்கியோ பக்கம் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரும், ஒசாகா பக்கம் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரும் வாங்கினார்கள். இன்றுவரை கிழக்கே 50, மேற்கே 60. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு டோக்கியோ பக்கம் கரண்ட் பற்றாக்குறை வந்தபோது, மேற்கிலிருந்து அதிகமாக அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வீடு மாறினால் புல்லியையும் மாற்ற வேண்டியிருந்ததால், பல ஜப்பான் பிளேயர்களில் புல்லி எளிதாகக் கழற்றி மாட்டும்படிதான் இருக்கும். பாயின் மெஷினிலும் ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூதான். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காலர் அடியில் கடுகளவு எழுத்தில் '60' என்று வெட்டியிருந்தது.

நம் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் உள்ள வீடுகள் நிறைய. குவைத், துபாய், மஸ்கட், சிங்கப்பூர் எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான், அங்கே வாங்கியவற்றுக்கு இந்த வியாதி வராது. சவூதி, அமெரிக்கா என்றால் முதலில் புல்லியைப் பாருங்கள். பெல்ட் பிளேயர்களில் டி.சி. மோட்டார் வைத்தவையும் உண்டு. அவற்றுக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. பெரும்பாலும் மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே திருப்புளியால் வேகத்தைச் சரிசெய்யலாம்.

டேப்பும் லேத்தும்

கணக்கு சரிதானா என்று பார்க்க மூன்று ரூபாய்ச் செலவுகூட இல்லாத ஒரு சோதனை. புல்லியின் சின்னப் படி 3.3 மில்லிமீட்டர். அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பை மெல்லிய நாடாவாக வெட்டி மூன்று சுற்றுச் சுற்றினேன். எண்ணினால் 99! கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினால் நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனால் டேப் முடிகிற இடம் மேடாக இருப்பதால் விநாடிக்கு 25 தடவை பெல்ட் தூக்கிப் போட்டது. நாயனக்காரர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊதுகிற மாதிரி இருந்தது. சோதனைக்கு டேப் சரி. பாட்டுக்குப் பித்தளைதான்.

கல்லூரி திறந்ததும் இயந்திரவியல் நண்பன் ஒருவனைப் பிடித்தேன். ஒர்க் ஷாப் சாரிடம் அனுமதி வாங்கி, துண்டுப் பித்தளை ராடில் இறங்கினோம். புல்லி 60க்கு உரியது, வேண்டியது 50க்கு. ஆகவே 3.3 × 60 ÷ 50 = 3.96. அளவு பார்த்துக் கடைந்தோம். மாட்டி எண்ணினேன். 97 1/2 தான் வந்தது.

எங்கே போனது மிச்சம் இரண்டரை? லேத் மேல் பழி போட்டோம், மைக்ரோமீட்டர் மேல் பழி போட்டோம். சார் வந்து தாளைப் பார்த்தார். "ஏன்டா, பெல்ட்டுக்குத் தடிமனே கிடையாதா?" என்றார்.

பெல்ட் புல்லியின்மேல் வளையும்போது வெளிப்பக்கம் விரிகிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் போகிறது. வேகத்தை முடிவு செய்வது அந்த நடுக்கோடு. ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது புல்லியின் விட்டம் மட்டும் அல்ல, அதோடு பெல்ட்டின் தடிமனையும் கூட்ட வேண்டும். பெரிய புல்லிகளில் இந்த வித்தியாசம் தெரியாது. 3.3 மில்லிமீட்டர் புல்லியில் 0.6 மில்லிமீட்டர் பெல்ட் என்றால் சும்மாவா?

சரியான கணக்கு: 3.3 + 0.6 = 3.9. அதை 1.2ஆல் பெருக்கினால் 4.68. அதிலிருந்து 0.6ஐக் கழித்தால் 4.08. முதல் புல்லிக்கும் இதற்கும் வித்தியாசம் 0.12 மில்லிமீட்டர்தான். அதாவது இந்தப் புல்லியில் 0.05 மில்லிமீட்டர் பிசகினால் நூற்றுக்கு ஒரு சுற்று பிசகும். 'பாயின்ட் நாட் ஃபைவ்தானே சார்' என்று லேபில் இனி வாய் திறக்க மாட்டேன்.

இரண்டாவது புல்லி கடையும்போது சார் கூடவே நின்றார். அவர் சொன்ன மூன்று விஷயங்கள். துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடிப்பில் முடிக்க வேண்டும், ராடைச் சக்கிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினால் மையம் போய்விடும். பெல்ட் ஓடும் முகம் தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் மயிரிழை அளவு பருத்திருக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் நடுவிலேயே நிற்கும். (முதல் புல்லியில் பெல்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை கழன்று விழுந்ததன் காரணமும் அதுதான்.) மூன்றாவது, 4.12க்கு நிறுத்திவிட்டு மிச்சத்தை நைஸ் எமரியால் எடுக்க வேண்டும். எமரியை விரலில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, விரல் போய்விடும். பட்டைக் குச்சியில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். 45 சுற்றுப் படியையும் இதே கணக்கில் 5.72க்குக் கடைந்தோம்.

4.08. மாட்டினேன். எண்ணினேன். 100வது சுற்றில் காகிதத்துண்டு என் விரலுக்கு நேரே வந்தபோது செல்போன் அடித்தது. பிறகு 180 கோடு போட்ட தட்டை அச்சடித்துப் பார்த்தேன். கோடு நின்றது. இந்தத் தடவை நம்பலாம்.

மற்ற சில்லறை நோய்கள்

வேகம் தவிர மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம்.

ஸ்பீக்கரில் 'ஊங்ங்' என்று ஹம் வந்தால் பின்னால் தொங்கும் தனி எர்த் ஒயரை ஆம்பிளிஃபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பாதி ஹம் அங்கேயே தீரும். ஒரு பக்கம் மட்டும் பாடினால் ஊசித் தலையின் பின்னால் நான்கு மயிரிழை ஒயர்கள் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். களிம்பு பிடித்த நுனியைத் துடைத்து, மெல்ல இறுக்கினால் போதும். கார்ட்ரிட்ஜ் பின்னில் நேராக சால்டரிங் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே உள்ள சுருள் அறுந்துவிடும்.

சத்தம் கிணற்றில் கேட்கிற மாதிரி மெலிதாக, தகர டப்பா மாதிரி இருந்தால் பிளேயரில் குறையில்லை. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். தட்டில் பதியும்போதே தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்ய 'ஃபோனோ' பிரி ஆம்பிளிஃபையர் தனியாக வேண்டும். சாதாரண ஆக்ஸ் சாக்கெட்டில் சொருகினால் இப்படித்தான் கேட்கும்.

ஊசியின் பாரத்தை ஊகமாக வைக்காதீர்கள். பின்பக்க எடையைத் திருகி, கை தராசு முள் மாதிரி அந்தரத்தில் மிதக்கும்படி வைத்து, டயலை சைபருக்குக் கொண்டுவந்து, பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன கிராம் வரை திருகுங்கள். பலவற்றுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று கிராமுக்குள் இருக்கும். பாரம் குறைந்தால் தட்டு பாழாகாது என்று நினைப்பது தப்பு. குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். நகை எடை போடும் சின்னத் தராசில் சரிபார்க்கலாம். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பொய் எடை காட்டும், ஜாக்கிரதை. ஊசியை விரலால் தொடவே வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாகத் தடவினால் போதும்.

மோட்டார் கிளம்பத் தயங்கினாலோ, சில சமயம் எதிர்த் திசையில் சுற்றினாலோ, கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், ஏ.சி.க்கு உரியது என்று பார்த்துப் போடுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மெஷினைப் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மர முக்காலிக்கு அடியில் சீட்டு வைத்து, ரசமட்டம் பார்த்து, நிறுத்தினேன். அதே நாதஸ்வர எல்.பி. அப்பாவைத்தான் ஊசி இறக்கச் சொன்னேன். அவர் விரல் ஆடவே இல்லை.

பாய் கண்ணை மூடியிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் முடிந்து, ஊசி கடைசிப் பள்ளத்தில் 'டிக், டிக்' என்று சுற்றுகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. "தம்மாம் ரூம்ல கேட்ட மாதிரியே இருக்கு தம்பி" என்றார் பாய். அப்பாவைப் பார்த்தேன். "இப்பதான் நாயனம்" என்றார்.

பெல்ட் காசு 1,100 ரூபாயைப் பாய் அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். பழைய '60' புல்லியை ஒரு சின்னக் கவரில் போட்டு, மெஷினின் அடித்தகட்டின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீட்டு: 'இப்போது இருப்பது 50 ஹெர்ட்ஸ் புல்லி. சின்னப் படி 4.08, பெரிய படி 5.72, பெல்ட் தடிமன் 0.6 மி.மீ. மூன்று நிமிடத்தில் 100 சுற்று.' அடுத்து யார் திறப்பார்களோ, அவர்களுக்கு. அரியர் பரீட்சை ஏப்ரலில்.